வண்டியில் போட்டு வைக்க: கொடுவாளா, மடக்கு ரம்பமா?

வண்டியில் வைக்கிற வெட்டுக்கருவியைப் பெரும்பாலும் வெட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பட்டறைக்காரர் ஒரு கட்டையைக் கொத்திக் காட்டினால் போதும், மனசு விழுந்துவிடும். ஆனால் அது வெட்டப்போவது வருசத்துக்கு நாலைந்து நாள். மீதி நாளெல்லாம் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், சித்திரை வெயிலில் காய்ந்து, ஐப்பசி ஈரத்தில் துருப்பூத்து, வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் எதன் மேலாவது முட்டிக்கொண்டு கிடக்கும். அதனால் நன்றாக வெட்டுகிறதா என்பதற்கு முன்னால் நன்றாகக் கிடக்குமா என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் மடக்கு ரம்பம்தான் முதலில் வருகிறது, கொடுவாள் அதற்குப் பின்னால். கொங்கு நாட்டில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். காரணத்தைக் கேட்டுவிட்டு வரட்டும்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் வேம்பையும் புளியையும் முறித்து ரோட்டில் போட்டுவிடும். கிடக்கிற கிளை மணிக்கட்டுத் தடிமனில் இருந்து தொடைத் தடிமன் வரை இருக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துத் தடத்தில் போனால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் நீட்டிக்கொண்டு வேலிக்காத்தான். அது பெயின்ட்டைக் கீறும், முள் டயரில் இறங்கும். இது போகத் தார்ப்பாய்க் கயிறு, சொட்டுநீர்க் குழாய், உரமூட்டைத் தையல் என்று சில்லறை வேலைகள். தென்னை மட்டை விழுந்து கிடந்தால் அதற்குக் கருவியே வேண்டாம். அடிமட்டையைப் பிடித்து இழுத்தால் மொத்தமாக ஓரத்துக்கு வந்துவிடும். அதை நடு ரோட்டில் நின்று வெட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

மடக்கு ரம்பம்

மடக்கு ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். நம் தச்சர் கையில் இருக்கிற தள்ளு ரம்பத்துக்கு நேர் எதிர். இழுக்கிற விசையில் தகடு விறைத்து நிற்பதால் அது மெல்லிசாக இருந்தாலே போதும். மெல்லிசாக இருந்தால் அறுப்புத்தூள் குறைவு, கைவலியும் குறைவு. தள்ளும்போது அழுத்தினால் தகடு வளையும், மறுபடி நேராகாது. புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்கிற தப்பு இதுதான். இழுக்கும்போது கை கொடுங்கள், தள்ளும்போது சும்மா திருப்பிக் கொண்டுபோங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு சுலபக் கணக்கு உண்டு. தகட்டு நீளத்தில் பாதிதான் சௌகரியமாக அறுக்கக்கூடிய தடிமன். பாஹ்கோ லாப்லாண்டர் என்ற வெளிநாட்டு ரம்பத்தின் தகடு 190 மில்லிமீட்டர், அதனால் 9, 10 சென்டிமீட்டர் கிளை வரை சிரமமில்லை. சில்கி கோம்பாய் 240 மில்லிமீட்டர் என்பதால் 12 சென்டிமீட்டர் வரை போகலாம். அதற்கு மேலும் அறுக்கலாம்தான், ஆனால் தகடு முழு வீச்சில் ஓட இடமிருக்காது. தூள் வெளியே வராமல் அறுத்த பள்ளத்துக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். பச்சை மரத்துக்கு அங்குலத்துக்கு 6, 7 பல் போதும். 10, 12 பல் இருக்கிற நைஸ் ரம்பம் காய்ந்த மூங்கிலுக்கும் பிவிசி பைப்புக்கும் சரி. ஈர வேப்பங்கிளையில் பிசின் ஏறி நின்றுவிடும்.

ஃபால்கன் மாதிரி இந்திய பிராண்டு ரம்பங்கள் வெளிநாட்டுச் சரக்கைவிட நன்றாக விலை குறைவு. கார் வைத்திருப்பவருக்கு அதுவே போதும். தோட்டத்துக்குத் தினம் போகிறவர் லாப்லாண்டருக்குப் போகலாம். வித்தியாசம் வெட்டில் கொஞ்சம், பூட்டில் நிறைய. விரித்த நிலையிலும் பூட்ட வேண்டும், மடித்த நிலையிலும் பூட்ட வேண்டும். லாப்லாண்டர் இரண்டையும் செய்கிறது. மடித்த நிலையில் பூட்டாத ரம்பம் டூல் பையில் தானாக வாயைத் திறந்துகொள்ளும், இருட்டில் கை விடும்போதுதான் தெரியும். கடையில் வாங்கும்போது விரித்துப் பூட்டி, தகட்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூட்டில் ஆட்டம் தெரிந்தால் அடுத்ததை எடுங்கள். மூட்டில் ரிவெட் அடித்ததை விட்டுவிட்டு போல்ட் போட்டதை வாங்கினால் பின்னால் இறுக்கிக்கொள்ளலாம்.

பல்லின் நுனி கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அது நுனி மட்டும் கடினமாக்கிய பல். ரொம்ப நாள் மழுங்காது. மழுங்கினால் அரம் வழுக்கும், தகட்டைத்தான் மாற்ற வேண்டும். ஆகவே மாற்றுத் தகடு தனியாகக் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி, ரம்பம் மாட்டிக்கொள்வது ஏன் என்பது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வேப்பங்கிளை. அடி இன்னும் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நுனி எதிர்ப்பக்க மண்ணில் ஊன்றியிருக்கிறது, நடு தொங்குகிறது. நடுவில் மேலிருந்து அறுத்தால் பாதி போவதற்குள் பள்ளம் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். ஏனென்றால் இரண்டு முனையும் தாங்கலில் இருக்கும்போது மேல்பக்கம் நெருக்கப்படுகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. முதலில் மேலே தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, கவ்வத் தொடங்குவதற்குள் நிறுத்திவிட வேண்டும். பிறகு அடியிலிருந்து மேல்நோக்கி மீதியை அறுங்கள். இரண்டு பள்ளமும் சந்திக்கிறபோது கிளை ‘டப்’பென்று இறங்கும், கால் அதற்கு நேர் கீழே இருக்கக்கூடாது. ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் நின்றால் இது தலைகீழ். அடியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று சந்தேகமாக இருந்தால் பட்டையைப் பாருங்கள். சுருங்கி மடிந்த பக்கம் நெருக்கம், விரிந்து வெடித்த பக்கம் இழுப்பு. மாட்டிய ரம்பத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதுதான் தகடு ஒடிகிற வழி. கிளையைத் தோளால் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் தானாக வரும்.

வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிசினைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கொடுவாள்

ரம்பத்தால் முடியாத வேலை ஒன்று உண்டு, முள். வேலிக்காத்தான் புதருக்குள் கையை விட்டு ரம்பம் போட முடியாது. கொடுவாளின் வளைந்த மூக்கால் கொப்பைக் கொக்கி போட்டு இழுத்து, அதே கையால் அடியில் ஒரு போடு. கை முள்ளுக்கு வெளியே நிற்கும். விரல் தடிமன் கொப்புக்கு ரம்பம் எடுப்பதும் வீண்வேலை. ஆகவே பிக்கப், ஜீப், டிராக்டர் வைத்துக் காட்டுக்கும் தோட்டத்துக்கும் போய்வருகிறவருக்குக் கொடுவாள் வேண்டியதுதான். திருப்பூர், கோவை டவுனுக்குள்ளேயே ஓடுகிற காருக்கு வேண்டாம்.

கம்பெனிச் சரக்கைவிட உள்ளூர்க் கொல்லுப்பட்டறைச் சரக்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்லாப் பட்டறையும் ஒன்றல்ல. கேட்க வேண்டிய முதல் கேள்வி: “ஏனுங்க, இது லாரிப் பட்டாவுல அடிச்சதுங்களா, சாதா இரும்புங்களா?” லாரி ஸ்பிரிங் பட்டா சிலிக்கான் கலந்த உருக்கு. கார்பன் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதனால் தோய்ச்சல் பிடிக்கும், அதாவது காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும். சாதா இரும்புக்கு எத்தனை தடவை தண்ணி காட்டினாலும் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, நிற்காது. பட்டாவில்தான் அடித்தது என்று வாயால் சொல்வதை நம்பிக்கொண்டு வரவேண்டாம், கையில் ஒரு சிறிய அரம் கொண்டுபோங்கள். வாய் ஓரத்தில் மெதுவாக ஒரு இழுப்பு. அரம் கண்ணாடியில் போல வழுக்கினால் தோய்ச்சல் கூடிப்போச்சு, காய்ந்த வேலாமரத்துக் கணுவில் பட்டால் வாய் தெறிக்கும். வெண்ணெயில் போல அள்ளிக்கொண்டு வந்தால் தோய்ச்சலே இல்லை, வாய் மடங்கும். கொஞ்சம் முரண்டு பிடித்துக் கடிக்க வேண்டும். அதே அரத்தை முதுகுப் பக்கம் போட்டால் நன்றாகக் கடிக்க வேண்டும். முதுகு மெதுவாக இருந்தால்தான் அடி தாங்கும். வாய்க்கு மட்டும் தோய்ச்சல் போடத் தெரிந்த ஆசாரி கை அதில் தெரிந்துவிடும்.

பிறகு பிடியைத் தளரப் பிடித்துத் தொங்கவிட்டு முதுகில் ஒரு சாவியால் தட்டுங்கள். மணிபோல் ஒலி நீண்டால் நல்லது. ‘டொக்’ என்று செத்துப்போனால் எங்கோ விரிசல், இல்லாவிட்டால் பிடி லூஸ். வாயைக் கண்ணுக்கு நேரே வைத்து நுனிவரை ஒரு பார்வை. முறுக்கு இருந்தால் வெட்டு ஒரு பக்கமாக நழுவும், நழுவுகிற வெட்டு முழங்காலுக்குத்தான் போகும். அளவு 10 முதல் 12 அங்குலம் வாய், பிடியடியில் முதுகு 5, 6 மில்லிமீட்டர், மூக்குப் பக்கம் 3. மொத்த எடை முக்கால் கிலோ பக்கம் இருந்தால் வண்டிக்குச் சரி. விறகு வெட்டுகிறவர்கள் பிடிக்கிற ஒன்றரைக் கிலோ கனம் தினம் பிடிக்கிற கைக்குத்தான்.

பிடியில்தான் வண்டி தன் வேலையைக் காட்டும். வெளியே 40 டிகிரி அடித்தால் மூடிய வண்டிக்குள் 60 வரை போகும். இரண்டு கோடை அதில் கிடந்த மரப்பிடி சுருங்கிப் பூண் கழன்று உருளும். வாளின் வாலாக நீளும் காம்பு பிடிக்குள் பாதிவரை மட்டும் போயிருந்தால் ஓங்குகிற நேரத்தில் வாள் தனியே பறக்கும். எனவே காம்பு பிடியின் அடிவரை வந்து, வெளியே மடக்கி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். லூசான பிடியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாகும். பிடியைக் கழற்றிப் பட்டறையிலேயே புதுப்பிடி போட்டுப் பூண் ஏற்றிக்கொள்வதுதான் சரி. பிடியே இரும்புக் குழலாக வளைத்து அடித்த கொடுவாளும் உண்டு. அதற்கு இந்தத் தொல்லை இல்லை, பதிலுக்கு வெயிலில் கிடந்தால் தொட முடியாது. பழைய சைக்கிள் ட்யூப் ஒரு சாண் மாட்டினால் தீர்ந்தது.

சாணை பிடிக்க மிஷின் சக்கரத்தில் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வாய் ஓரத்தில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு அங்கே மட்டும் மழுங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்குகிறவரிடம் கொடுங்கள். வீட்டிலேயே 8 அங்குலத் தட்டை அரம் போதும். கொடுவாளை மரத்தில் ஊன்றி, பக்கத்துக்கு 25 டிகிரி சாய்வு, அரம் முன்னால் போகும்போது மட்டும் அழுத்தம். சவரக்கத்தி மாதிரி மெல்லிசாக இழுத்துவிடாதீர்கள், அது வாழைத்தண்டுக்குத்தான் லாயக்கு.

பட்டறையில் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டால் கோபப்படவேண்டியதில்லை. அரிவாள், கத்தி வாங்குகிறவர் விவரத்தைக் குறித்து வைக்கச் சொல்லி 2021-ல் தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்குச் சொல்லியிருக்கிறது.

மற்றவை

கைக்கோடாலி கூடாரம் அடித்துத் தங்குகிறவருக்கு. விறகு பிளக்க அதை விட்டால் ஆளில்லை. ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7 மாதிரி ஃபைபர் பிடி கோடாலிக்கு வெயில் பிரச்சினையும் இல்லை. ஆனால் ரோட்டில் கிடக்கிற கிளையைக் கோடாலியால் வெட்டுவதென்றால் கிளை அசையாமல் கிடக்க வேண்டும், வீச இடம் வேண்டும். பள்ளத்தில் ஒரு கால், மேட்டில் ஒரு கால் வைத்துக்கொண்டு வீசினால் வழுக்கிய வெட்டு கெண்டைக்காலுக்கு. வேண்டாம்.

ஆன்லைனில் வருகிற 18 அங்குல மேச்சட்டி (புதர் வெட்டுகிற நீளக் கத்தி) 2 மில்லிமீட்டர் தகடு. நாணலுக்கும் கரும்புச் சோகைக்கும் அருமை, காய்ந்த வேலாமரத்தில் பட்டால் துள்ளித் திரும்பும். செக்கிங்கில் அதைப் பார்த்தால் எந்த போலீஸ்காரரும் விவசாயக் கருவி என்று நினைக்கமாட்டார். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி வைத்த பளபளப்புக் கத்திகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பல் அறுக்காது, உள்ளே குடைந்த பிடி உடையும்.

பேட்டரியில் ஓடுகிற 4 அங்குல, 6 அங்குல மினி செயின்சா இப்போது எங்கே பார்த்தாலும். தோட்டத்துக்கு நல்ல சாமான்தான். வண்டியில் நிரந்தரமாக வைக்க ஆகாது. லித்தியம் பேட்டரிக்கு அந்த 60 டிகிரி ஆகாது, எடுக்கிற அன்றைக்குச் சார்ஜும் இருக்காது. செயின் எண்ணெய் கசிந்து டிக்கிக் கம்பளத்தில் இறங்கும். வேலைக்குப் போகிற அன்று ஏற்றி, அன்றே இறக்கிவிடுங்கள்.

சில்லறை வேலைக்கு ஒரு ரகசியம், பன்னருவாள். நெல் அறுக்கிற பொடிப்பல் அருவாள் பிளாஸ்டிக் கயிற்றையும் சணலையும் அறுக்கிற வேகத்துக்கு எந்த வெளிநாட்டுக் கத்தியும் வராது. விலையும் அற்பம். மழுங்கினால் சாணை பிடிக்க முடியாது, புதிது வாங்குவதுதான். சொட்டுநீர்க் குழாய்க்கும் மூட்டைக்கும் பிளேடு மாற்றுகிற கட்டர் ஒன்று. மடக்குக்கத்திதான் வேண்டும் என்றால் ஓப்பினல் 8-ம் நம்பர், வாய் எட்டரை சென்டிமீட்டர். மரப்பிடி மழை ஈரத்தில் ஊதிக் கத்தி திறக்காமல் அடம்பிடிக்கும், கார்பன் வாய் துருவேறும். வண்டிக்கு அதில் துருப்பிடிக்காத ரகத்தை வாங்குங்கள்.

சீட் பெல்ட் வெட்டும் கருவியும் கண்ணாடி உடைக்கும் சுத்தியும் சேர்ந்தது டிக்கியில் இருந்து பிரயோசனமில்லை, டிரைவர் கைக்கு எட்ட வேண்டும். அது பக்கக் கண்ணாடிக்குத்தான். முன் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, நொறுங்கி விழாது.

எங்கே, எப்படி

ரம்பம், கொடுவாள், தோல் கையுறை, கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி, எண்ணெய்த் துணி எல்லாம் ஒரே கான்வாஸ் பையில், ஜாக்கியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பின்சீட்டில் அவிழ்த்துப் போட்ட கொடுவாள் சடன் பிரேக்கில் முன்னால் வரும். வாய்க்கு உறை வேண்டும். தோல் உறைக்குள் வருசக்கணக்கில் விட்டால் ஈரம் தங்கி அதற்குள்ளேயே துரு ஏறும். தீயணைப்புத் துறை வீசுகிற பழைய கேன்வாஸ் ஹோஸ் கிடைத்தால் அதில் ஒரு முழம் வெட்டி, ஓரம் தைத்தால் ஆயிரம் ரூபாய் உறைக்குச் சமம்.

சட்டத்துக்கு வருவோம். 1959-ம் வருட ஆயுதச் சட்டம் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருளை ஆயுதமாகக் கொள்வதில்லை. விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்தி வகைகளைத் தனியாகப் பட்டியலிடும்போதும் விவசாயக் கருவியை விலக்கியே வைக்கின்றன. கொடுவாள் அந்த விலக்கில்தான் நிற்கிறது. ஆனால் கொடுவாள் எங்கே கிடந்தது என்பதற்கு மதிப்பு அதிகம். டிக்கியில் மம்முட்டியோடும் கயிறோடும் கிடந்தால் விவசாயக் கருவி, டிரைவர் சீட்டுக்கு அடியில் தனியாகக் கிடந்தால் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டும். தேர்தல் நேரத்துப் பறக்கும் படைச் சோதனை சமயத்தில் வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. மடக்கு ரம்பத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 வளைவு ஏறினாலும் சரி, ஆழியாற்றில் இருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறினாலும் சரி, கணக்கு வேறு. அது புலிகள் காப்பகம். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் கத்தியும் சேர்ந்தே வருகிறது. சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுபோகக்கூடாது. கொடுவாளை அன்றைக்கு வீட்டில் இறக்கிவிட்டுக் கிளம்புங்கள். மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்தால் வனத்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் வரும்வரை வண்டிக்குள் இருங்கள், யானை நடமாடுகிற இடத்தில் இறங்கி அறுக்கிற வேலை நமக்கு வேண்டாம். சமவெளியிலும் ரோட்டோரத்து மரம் சர்க்காருடையது. வழிமறித்த கிளையை அறுத்து ஓரம் தள்ளுவது ஒன்று, அதை விறகாக வண்டியில் ஏற்றுவது வேறொன்று.

அறுக்கக் குனிவதற்கு முன்னால் மேலே ஒரு பார்வை. கிளையோடு மின்கம்பியும் சேர்ந்து கிடந்தால் ரம்பத்தை எடுக்கவே வேண்டாம். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும், பிளாஸ்டிக் பிடி காப்பாற்றாது. நாலைந்து வண்டி நீளம் தள்ளி நின்று, வருகிறவர்களையும் நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் பேசுங்கள். பேசும்போது பக்கத்துக் கம்பத்தின் எண்ணைச் சொன்னால் லைனை நிறுத்துவது சீக்கிரம் நடக்கும்.